பிள்ளைகளுக்கு எந்த வேதக் கதைப் படம்? சில அனிமேஷன் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

விடுமுறையில் பிள்ளைகளை உட்காரவைத்து ஒரு புராணக் கதையையோ பைபிள் கதையையோ அனிமேஷன் படமாகப் போட்டுக் காட்டலாம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு வழியில்தான் படத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம்ம சாமி கதையா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால், கிராபிக்ஸ் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டையும் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் படம் முடிந்ததும் எட்டு வயதுப் பிள்ளை கேட்கும் முதல் கேள்விக்கு இரண்டுமே கைகொடுக்காது: "அந்தப் பையன் என்ன தப்பு பண்ணான்? அவனை ஏன் சாமி சாகடிச்சாரு?"

வேத நூல்களில் உள்ள கதைகள் குழந்தைகளுக்காக எழுதப்பட்டவை இல்லை. பைபிளின் யாத்திராகமத்தில் ஒரே இரவில் எகிப்தின் தலைப்பிள்ளைகள் சாகிறார்கள். பாகவதத்தில் பெற்ற தகப்பனே மகனை யானைக் காலில் போடச் சொல்கிறான். ராமாயணத்தில் ஒரு ஊரே எரிகிறது. சுவிசேஷத்தில் ஒரு மனிதரைச் சிலுவையில் அறைகிறார்கள். அனிமேஷன் என்றாலே குழந்தைப் படம் என்று நாம் எடுத்துக்கொள்வதால் இதெல்லாம் மறந்துபோகிறது. அதனால் நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். படத்தின் மிகக் கடுமையான காட்சி எதுவோ அதை மட்டும் முதலில் தனியாக ஓடவிட்டுப் பார்ப்பேன். சாவை எப்படிக் காட்டுகிறார்கள், எதிராளியை மனிதனாகக் காட்டுகிறார்களா வெறும் பூதமாகவா, ஜெயித்தவன் முகத்தில் என்ன இருக்கிறது என்ற மூன்றும் அந்த ஒரு காட்சியிலேயே தெரிந்துவிடும். மீதிப் படம் எப்படி இருக்கும் என்பதை அதிலிருந்து ஊகிக்கலாம்.

இந்தச் சோதனையில் வைத்துப் பார்க்க நான் எடுத்துக்கொள்வது இவற்றை: மோசேயின் கதையான 'தி பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்' (1998), அதே நிறுவனம் எடுத்த யோசேப்பு கதை 'ஜோசஃப்: கிங் ஆஃப் ட்ரீம்ஸ்' (2000), இந்தியாவும் ஜப்பானும் சேர்ந்து எடுத்த 'ராமாயணா: தி லெஜெண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா', இயேசுவின் கதையைச் சொல்லும் 'தி மிராக்கிள் மேக்கர்', 'தி கிங் ஆஃப் கிங்ஸ்' (2025) ஆகிய இரண்டு, அப்புறம் 2025ல் திரையரங்குகளை நிரப்பிய 'மகாவதார் நரசிம்மா'. நடுவில் நபிகள் நாயகம் பற்றிய படம் ஒன்றும் வரும், வேறு ஒரு காரணத்துக்காக.

மோசே: சத்தமில்லாத இரண்டு நிமிடங்கள்

'பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்' ட்ரீம்வொர்க்ஸ் தன் ஆரம்ப நாட்களில் எடுத்த படம். பிரெண்டா சாப்மன், ஸ்டீவ் ஹிக்னர், சைமன் வெல்ஸ் என்று மூன்று பேர் இயக்கம். பின்னணி இசை ஹான்ஸ் சிம்மர், பாடல்கள் ஸ்டீவன் ஷ்வார்ட்ஸ். செங்கடல் பிளக்கும் காட்சியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். மின்னல் வெட்டும்போது தண்ணீர்ச் சுவருக்குள் ஒரு ராட்சத மீனின் நிழல் தெரியுமே, அந்தக் காட்சி. பிரமாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் படத்தைத் தேர்ந்தெடுக்க அது போதாது. பார்க்க வேண்டியது, எபிரேய அடிமைகளை விடுவிக்க எகிப்து அரசனான பார்வோன் மறுத்ததால் அந்நாட்டின் தலைப்பிள்ளைகள் சாகும் இரவு.

படம் முழுக்கப் பாட்டும் வாத்தியமுமாகப் பெரிய குரலில் பேசிக்கொண்டு வருகிறது. இந்த இடத்தில் மட்டும் எல்லாம் அடங்கிவிடுகிறது. வானத்திலிருந்து வெளிறிய புகை போல ஒன்று இறங்கி வருகிறது. தெருத் தெருவாகப் போகிறது. கதவு நிலையில் ஆட்டு ரத்தம் பூசிய வீட்டை விட்டு விலகுகிறது, பூசாத வீட்டுக்குள் நுழைகிறது. மூச்சு வெளியேறுவது போன்ற ஒரு சத்தம் மட்டும் கேட்கிறது. ஜாடியோடு ஒரு சிறுவன் வாசலுக்குள் போகிறான். நம் கண்ணுக்குத் தெரிவது ஜாடி விழுவதும் ஒரு சின்னக் கை தரையில் சாய்வதும்தான். ரத்தம் இல்லை, முகம் இல்லை, அலறல் இல்லை. அலறல் கேட்பது அதற்குப் பிறகு, ஊர் முழுக்க.

அடுத்து வருவதுதான் எனக்கு முக்கியம். பார்வோனாகிய ராம்சேஸ் தன் மகனின் உடலைத் துணியால் மூடுகிறான். மோசே பேச வாயெடுக்க, ராம்சேஸ் போகச் சொல்லிவிடுகிறான். மோசே வெளியே வந்து ஒரு சுவரில் சாய்ந்து அழுகிறார். மக்கள் விடுதலை பெற்றுவிட்டார்கள், ஆனாலும் ஜெயித்தவர் அழுகிறார். பிள்ளை கேட்கப்போகும் "அந்தப் பையன் என்ன தப்பு பண்ணான்?" என்ற கேள்வியைப் படமே முன்கூட்டிக் கேட்டுவிடுகிறது. பதில் சொல்லவில்லை, ஆனால் கேள்வியை மறைக்கவும் இல்லை. இதற்கு முன்பே விதை போட்டிருக்கிறார்கள்: கடவுள் எகிப்துக்கு அனுப்பிய தண்டனைகளில் ஒன்றான இருள் வாதையின் நடுவே அண்ணனும் தம்பியுமாக வளர்ந்த இருவரும் பழையதை நினைத்துக் கொஞ்சம் நெருங்கும்போது, ராம்சேஸின் சின்ன மகன் விளக்கோடு வந்து, ஏன் இவ்வளவு இருட்டு, இதெல்லாம் செய்தவர் இவர்தானே என்று கேட்கிறான். அந்தப் பையனின் முகம் நமக்குப் பழகியிருப்பதால்தான் பின்னால் வலிக்கிறது.

இதற்காகப் படம் மூலக்கதையில் கையும் வைத்திருக்கிறது. படத்தைப் போடுமுன் பெரியவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. யாத்திராகமத்தில் குழந்தையைத் தண்ணீரிலிருந்து எடுப்பவள் பார்வோனின் மகள். படத்தில் அரசி. யாத்திராகமம் பார்வோனின் பெயரைச் சொல்வதே இல்லை. ராம்சேஸும் மோசேயும் சகோதரர்களாக வளர்ந்தார்கள் என்பது படம் கட்டியது. மோசே எகிப்தியனைக் கொல்லும் இடத்தில் வேதாகமம் கறாராகவே பேசுகிறது: அங்குமிங்கும் பார்த்து, ஒருவரும் இல்லை என்று கண்டு, வெட்டி, மணலில் புதைத்தார். படத்திலோ அடிமையை அடிக்கும் காவலனைத் தடுக்கப் பாய்கிறார், அவன் உயரத்திலிருந்து விழுந்து சாகிறான். மோசேயின் அண்ணன் ஆரோனுக்கு மூலத்தில் இருக்கும் இடம் படத்தில் இல்லை. மூலத்தில் பார்வோன் முன் கோலைப் போடுபவரே ஆரோன்தான். எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், கர்த்தர் பார்வோனின் இருதயத்தைக் கடினப்படுத்தினார் என்று மூலம் திரும்பத் திரும்பச் சொல்வதைப் படம் தொடவே இல்லை. அப்பாவின் பேரை நான் கெடுத்துவிடக் கூடாது என்ற பயத்தில் முரண்டு பிடிப்பவனாக ராம்சேஸைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. இறையியல் படித்தவர்களுக்கு இது குறையாகப் படலாம். பிள்ளைகளுக்குக் காட்டும் படத்தில் எனக்கு இது குறையாகப் படவில்லை. இது தழுவல்தான், கலைக்காக மாற்றங்கள் செய்திருக்கிறோம், மூலம் யாத்திராகமத்தில் இருக்கிறது என்று படம் தொடக்கத்திலேயே எழுதிக் காட்டிவிடுகிறது. இந்த நேர்மை எத்தனை படங்களுக்கு உண்டு?

எரியும் முட்செடியிலிருந்து கடவுள் பேசும் காட்சியும் குறிப்பிட வேண்டியது. இடிமுழக்கக் குரல் எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். மோசேக்குக் குரல் கொடுத்த வால் கில்மரே அதற்கும் பேசியிருக்கிறார், தணிந்த குரலில்.

எந்த வயதுக்கு? எட்டுக்குக் கீழே வேண்டாம் என்பேன். செத்துப்போகும் காட்சியால் அல்ல. எபிரேயக் குழந்தைகளை நதியில் எறியச் சொன்னவர் தன் வளர்ப்புத் தந்தைதான் என்று மோசே கனவில் தெரிந்துகொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. சுவரோவியத்தில் உள்ள தட்டையான உருவங்கள் உயிர்பெற்று ஓடும். முதலைகள், எறியப்படும் சிசுக்கள். அனிமேஷன் என்ற கலையால் மட்டுமே முடிகிற காட்சி அது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அன்று தூக்கம் வராது.

சின்னவர்களுக்கு யோசேப்பு

அதே ட்ரீம்வொர்க்ஸ் இரண்டு வருடம் கழித்துத் திரையரங்குக்கே அனுப்பாமல் நேரடியாக வீடியோவில் வெளியிட்ட படம் 'ஜோசஃப்: கிங் ஆஃப் ட்ரீம்ஸ்'. செலவைக் குறைத்தது கண்ணுக்கே தெரியும். அசைவுகள் அத்தனை நயமாக இல்லை, பாடல்கள் மனதில் நிற்பதில்லை. இருந்தும் ஆறு, ஏழு வயதுக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். நீளம் ஒன்றேகால் மணி நேரம்தான் என்பதும் ஒரு வசதி.

ஆதியாகமத்தில் யோசேப்பின் கதை பிள்ளைகளுக்கு விளக்கமே தேவைப்படாத கதை. அப்பா ஒருவனுக்கு மட்டும் நல்ல சட்டை எடுத்துக் கொடுக்கிறார், மற்றவர்களுக்கு வயிறு எரிகிறது. அண்ணன் தம்பியோடு வளர்கிற எந்தப் பிள்ளைக்கும் இது புரியும். கடுமையான காட்சி என்றால் அண்ணன்மார்கள் அவனை விற்றுவிடுவது. ஆனால் சோதனை வைத்துப் பார்க்க வேண்டிய இடம் கடைசியில் இருக்கிறது. எகிப்தில் பெரிய அதிகாரியாகிவிட்ட யோசேப்பு, தானியம் வாங்க வந்த அண்ணன்களை அடையாளம் கண்டுகொள்கிறான். அவர்களுக்கு இவனைத் தெரியவில்லை. கடைசித் தம்பி பென்யமீனின் பையில் கோப்பையை ஒளித்துவைத்து மாட்டிவிடுகிறான். முன்பு ஒரு தம்பியை விற்றவர்கள் இப்போது இன்னொரு தம்பியை விட்டுவிட்டு ஓடுவார்களா? அவனுக்குப் பதில் எங்களை எடுத்துக்கொள் என்று நிற்கிறார்கள். யோசேப்பின் கோபம் அங்கேதான் உடைகிறது. பழிவாங்கக் கையில் எல்லாம் இருந்தும் விட்டுவிடுகிறவனைப் பற்றிய கதை இது. அந்தத் தயக்கத்தைப் படம் அவன் முகத்தில் பிடித்திருக்கிறது. கனவுக் காட்சிகளைத் தூரிகைத் தீற்றல்கள் நகர்வது போல வரைந்திருப்பதும் அழகு.

யோசேப்பை விலைக்கு வாங்கிய எஜமான் போத்திபாரின் மனைவி அவன்மேல் பொய்ப்பழி போடும் இடத்தை மிகச் சுருக்கமாகக் கடந்துவிடுகிறார்கள். "அந்தம்மா ஏன் பொய் சொன்னாங்க?" என்று கேட்டால் சொல்ல ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

ராமாயணம்: நீளம்தான் பிரச்சினை

யூகோ சாகோ என்ற ஜப்பானியர் ராமாயணத் தொல்லியல் பற்றிய ஆவணப்படத்துக்காக இந்தியா வந்தபோது இந்தக் கதையில் விழுந்தவர். மனிதனும் தெய்வமுமாகிய ராமனை நடிகர்களை வைத்து எடுப்பதைவிட வரைந்து காட்டுவதே சரி என்பது அவர் எண்ணம். வெளிநாட்டார் ராமாயணத்தை இஷ்டத்துக்குப் படமாக்கக் கூடாது என்று 80களில் எதிர்ப்புக் கிளம்பியது. கடைசியில் கோயிச்சி சசாகியும் இந்திய அனிமேஷனின் முன்னோடியான ராம் மோகனும் அவரோடு சேர்ந்து இயக்க, படம் 1993ல் டெல்லி திரைவிழாவில் காட்டப்பட்டது. கையால் வரைந்த, செல் எனப்படும் ஒளிபுகும் தாள்கள் மட்டும் ஏறக்குறைய 1 லட்சம். இசை வன்ராஜ் பாட்டியா. திரையரங்கில் அப்போது பெரிதாக ஓடவில்லை. தொலைக்காட்சியில் மறுபடி மறுபடி போட்டதில்தான் ஒரு தலைமுறைக்கு இந்தப் படம் மனப்பாடம் ஆனது. 2025 ஜனவரியில் 4கே தரத்தில் மறுபடி வெளியிட்டபோது தமிழ், இந்தி, தெலுங்கு டப்பிங்கும் சேர்ந்து வந்தது.

படத்தின் பலம் அதன் நிதானம். காலண்டர் படத்தில் கிரீடத்தோடு புன்னகைக்கும் ராமன் இல்லை இதில். யோசித்துப் பேசுகிற, வருத்தப்படத் தெரிந்த இளைஞன். காடு காடாகவே இருக்கிறது: இலை அசைவு, நீர், வெளிச்சம். ஜப்பானியர்களின் கைவண்ணம் இங்கேதான் தெரிகிறது. கதை ஆட்களைப் பற்றியதாக இருந்தாலும் அவர்கள் நிற்கும் இடத்துக்கும் ஒரு நேரம் கொடுக்கிறார்கள்.

கடுமையான காட்சி யுத்தம். கும்பகர்ணன் எழுந்து வருவது பிள்ளைகளுக்கு ஒரே சமயத்தில் பயமும் குதூகலமும். மலை நடந்து வருவது போல ஒருவன், அவன் காலடியில் குரங்குகள். ஆனால் கம்பனில் வரும் கும்பகர்ணன் அண்ணனிடம் நீ செய்தது தப்பு என்று சொல்லிவிட்டு, சாவு நிச்சயம் என்று தெரிந்தே போகிறவன். வாய்ப்புக் கிடைத்தும் தம்பி வீடணனோடு ராமன் பக்கம் வர மறுத்தவன். தமிழ் வாசகருக்கு அந்தக் கும்பகர்ணனை மறந்துவிட்டு இந்தப் படத்தைப் பார்ப்பது கஷ்டம். படத்தில் அவன் முதன்மையாக ஒரு பிரம்மாண்டமான எதிரி. எதிராளிக்கு மனசு கொடுக்கும் விஷயத்தில் மோசே படம் செய்ததில் பாதிகூட இதில் இல்லை. இந்தக் குறையைப் படத்தைப் போட்டுக் காட்டுபவரே நிரப்பலாம். கும்பகர்ணன் எழும்போது ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு அவன் அண்ணனிடம் என்ன சொன்னான் என்று சொன்னால் பிள்ளைகள் அவனை வேறு கண்ணால் பார்ப்பார்கள்.

அயோத்திக்குத் திரும்புவதோடு கதையை முடித்துக்கொள்வதால் உத்தர காண்டத்துச் சங்கடங்கள் இதில் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு அது சரி. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் இருக்கும் பெண்பிள்ளை, "அதுக்கப்புறம் சீதைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டால் படம் உதவாது, நீங்கள்தான் பேச வேண்டும்.

2 மணி 15 நிமிடம் என்பது மட்டும் உண்மையான தடை. ஒரே மூச்சில் போடாதீர்கள்.

இயேசுவின் கதை, இரண்டு விதமாக

2000ஆம் ஆண்டை ஒட்டி வந்த 'மிராக்கிள் மேக்கர்' பொம்மைகளை ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி எடுத்த ஸ்டாப் மோஷன் படம். வேல்ஸ் நாட்டாரும் ரஷ்யர்களும் சேர்ந்து எடுத்தது. டெரெக் ஹேஸ், ஸ்தானிஸ்லாவ் சொகலோவ் இயக்கம். இயேசுவுக்குக் குரல் ரால்ஃப் ஃபைன்ஸ். மோசே படத்தில் ராம்சேஸாகப் பேசியவரும் அவரேதான் என்பது ஒரு வேடிக்கை.

கதையை யவீரு என்ற ஜெப ஆலயத் தலைவரின் மகள் கண்வழியே சொல்கிறார்கள். மாற்கு சுவிசேஷத்தில் பன்னிரண்டு வயது என்று மட்டும் சொல்லப்படும், பெயரே இல்லாத அந்தச் சிறுமிக்குத் தாமார் என்று பேர் வைத்து, நோயாளியாகக் கூட்டத்தில் நிற்கவைத்து, இயேசு என்ற ஆள் யார் என்று அவளைப் பார்க்கவைக்கிறார்கள். இது புத்திசாலித்தனமான யோசனை. பார்க்கிற பிள்ளைக்கு ஒத்த வயதில் கதைக்குள்ளேயே ஒருத்தி இருக்கிறாள். அப்புறம் இன்னொரு உத்தி: நேரில் நடப்பதெல்லாம் பொம்மை. உவமைகளும் நினைவுகளும் மனதுக்குள் நடக்கும் போராட்டங்களும் கையால் வரைந்த ஓவியம். நல்ல சமாரியன் கதையை இயேசு சொல்லத் தொடங்கியதும் படம் பொம்மையிலிருந்து கோடுகளுக்கு மாறிவிடுகிறது. எது நடந்தது, எது சொல்லப்பட்ட கதை என்பதைப் பிள்ளைகள் யாரும் விளக்காமலே பிரித்துக்கொள்வார்கள்.

சிலுவைக் காட்சியை அளவோடு காட்டுகிறது. துன்பம் தெரிகிறது, ஆனால் காயத்தை நெருங்கிப் போய்க் காட்டுவதில்லை. குறை என்றால், பொம்மைகளின் முகங்கள். பளபளவென்ற கணினி அனிமேஷனுக்குப் பழகிய பிள்ளைகளுக்கு முதல் பத்து நிமிடம் விநோதமாக இருக்கும். சிலர் எழுந்தே போய்விடுவார்கள்.

அப்படி எழுந்து போகிறவர்களுக்காகவே எடுத்தது போல இருக்கிறது 'கிங் ஆஃப் கிங்ஸ்'. தென்கொரியாவின் ஜாங் சியோங்-ஹோ இயக்கியது. ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் தன் பிள்ளைகளுக்காக எழுதி, அவர் மறைந்து நெடுங்காலம் கழித்து 1934ல்தான் அச்சான இயேசு சரித்திரத்தை அடிப்படையாக வைத்தது. ஆர்தர் ராஜா பைத்தியமாக வாள் சுற்றிக்கொண்டிருக்கும் மகன் வால்டருக்கு, ராஜாக்களுக்கெல்லாம் ராஜாவின் கதை சொல்கிறேன் வா என்று டிக்கன்ஸ் உட்காரவைக்கிறார். பையன் பூனையோடு கதைக்குள்ளேயே போய் நிற்கிறான். அமெரிக்காவில் வெளியான முதல் வாரக் கடைசியில் 'பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்'டின் தொடக்க வசூலைத் தாண்டியது.

பார்க்கச் சுலபமான படம். என் பார்வையில் அதுதான் அதன் பலவீனமும். கதை கனக்கத் தொடங்கும் போதெல்லாம் டிக்கன்ஸ் வீட்டுக்குத் திரும்பி, பூனை ஏதாவது செய்ய, மூச்சு விட்டுக்கொள்கிறோம். ஐந்து வயதுக்கு இது வரம். பத்து வயதுப் பிள்ளைக்கு, தன்னைக் கையைப் பிடித்தே அழைத்துப்போகிறார்கள் என்ற சலிப்பு வரும். இரண்டுக்கும் நடுவில் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், எட்டைத் தாண்டியவர்களுக்கு 'மிராக்கிள் மேக்கர்', அதற்குக் கீழே 'கிங் ஆஃப் கிங்ஸ்'.

நரசிம்மர்

அஸ்வின் குமார் இயக்கி, ஹோம்பாலே ஃபிலிம்ஸ் வெளியிட்ட 'மகாவதார் நரசிம்மா' 2025 ஜூலையில் தமிழ் உட்படப் பல மொழிகளில் வந்தது. இந்திய அனிமேஷன் படங்களிலேயே அதிக வசூல் இதற்குத்தான். பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தவர்களும் உண்டு. தசாவதாரத்தை வரிசையாக 2037 வரை எடுக்கப்போவதாக அறிவித்திருக்கிறார்கள்.

முதல் பகுதி இரணியாக்கனும் வராகரும். பிரகலாதன் பின்னால்தான் வருகிறான். பிரகலாதன் வரும் இடங்கள் நன்றாக இருக்கின்றன. விஷம், பாம்பு, யானை எதற்கும் அசையாமல் கைகூப்பி நிற்கும் சின்னப் பையன் பிள்ளைகளுக்கு உடனே பிடித்துப்போகிறான். கணினி அசைவுகளில் சில இடம் பொம்மைத்தனம் தெரிந்தாலும் பெரிதாக உறுத்தவில்லை.

என் மனத்தாங்கல் தூணில்தான். தமிழில் இந்தக் கதைக்கு நாம் பழகியிருப்பது கம்பன் வழியாக. வால்மீகியில் இல்லாத இரணியன் வதையைக் கம்பன் வீடணன் வாயில் வைத்து ராவணனுக்குச் சொல்லவைக்கிறான். எங்கே உன் கடவுள் என்று இரணியன் கேட்க, சாணினும் உளன், தூணினும் உளன் என்று அடுக்கிவந்து, "நீ சொன்ன சொல்லினும் உளன்" என்பான் பிரகலாதன். மறுக்கிற வார்த்தைக்குள்ளும் இருக்கிறான் என்று பையன் அப்பாவிடம் சொல்லும் இடத்தில் கதையின் உச்சம் முடிந்துவிடுகிறது, நகத்துக்கு வேலை வருவது அதற்குப் பிறகுதான். படத்துக்கோ தூண் பிளந்த பிறகுதான் உச்சமே தொடங்குகிறது. நீண்ட சண்டை, உறுமல், அடி, வெட்டு. திரையரங்கில் விசில் பறந்ததும் இந்தப் பகுதிக்குத்தான்.

என் சோதனையில் இந்தப் படம் இங்கேதான் சறுக்குகிறது. இரணியன் செத்ததும் யாருக்கும் எதுவும் வலிப்பதில்லை. அவன் பிரகலாதனுக்கு அப்பா. பாகவதத்தில் அந்தப் பையன் நரசிம்மரிடம் வரமாகக் கேட்பது அப்பாவின் பாவம் நீங்க வேண்டும் என்பதைத்தான். அந்த ஒரு வேண்டுதலை மையமாக வைத்திருந்தால் இது வேறு படமாக ஆகியிருக்கும். இப்போது இருக்கிற நிலையில் பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தாராளமாகப் போடலாம். அவர்களுக்கு வேகம் பிடிக்கும். ஆறு வயதுப் பிள்ளைக்கு இது சாமி படம்தானே என்று போட்டுவிடாதீர்கள்.

வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து பார்ப்பதென்றால்

இது தனிக் கணக்கு. நடுநிலையாக இருக்கட்டும் என்று மோசே கதையைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம் மூவருக்கும் பொதுவானவர்தானே என்பார்கள். மூசா நபி இஸ்லாத்தில் பெரிய நபி என்பது உண்மைதான். அதனாலேயே பிரச்சினை. நபிமார்களை உருவமாகக் காட்டுவதைப் பல முஸ்லிம்கள் ஏற்பதில்லை. 'பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்' மலேசியாவிலும் மாலத்தீவிலும் தடை செய்யப்பட்டது. யோசேப்புக்கும் அதே பேச்சுதான், யூசுஃப் நபியின் பெயரில் குர்ஆனில் ஒரு முழு அத்தியாயமே இருக்கிறது. இயேசுவும் ஈசா நபி. எனவே முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் முதல் நாளே அவர்கள் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எல்லா வீட்டிலும் ஒரே பதில் வராது. சிலர் சரி என்பார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். இருட்டில் படம் ஓடும்போது ஒரு பிள்ளை தர்மசங்கடத்தில் நெளிவதைவிட இது மேல்.

இந்தக் கட்டுப்பாட்டுக்குள் நின்றே ஒரு படம் எடுத்திருக்கிறார்கள்: ரிச்சர்ட் ரிச் இயக்கிய 'முஹம்மத்: தி லாஸ்ட் ப்ராஃபட்' (2002). நபிகள் திரையில் தோன்றுவதில்லை, குரலும் கேட்பதில்லை. அவர் பார்க்கிற கோணத்தில் காமிரா நகர்கிறது, எதிரே இருப்பவர்கள் நம்மைப் பார்த்துப் பேசுகிறார்கள். கதையின் நாயகரைக் காட்டாமலே ஒன்றரை மணி நேரம் கதை சொல்வது எவ்வளவு பாடு! படமாக்கலில் ஆர்வமுள்ள பெரிய பிள்ளைகளுக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே காட்டலாம். மற்றபடி சித்திரம் சாதாரணம், வேகமும் குறைவு.

எல்லா மதத்துப் பிள்ளைகளும் கலந்திருந்து, பெற்றோர் யாருக்கும் ஆட்சேபம் இல்லை, வயது எட்டுக்கு மேல் என்றால் என் ஓட்டு மோசேக்கு. இந்த வரிசையில் மற்றவர் நம்பிக்கைக்குள் போய்ப் பார்க்கும் பிள்ளைக்கும் வழிவிட்டு நிற்கும் படம் அது. அழுகிற மோசேயைப் புரிந்துகொள்ள யாத்திராகமம் படித்திருக்கத் தேவையில்லை.

மொழியும் இடைவேளையும்

ராமாயணத்துக்கும் நரசிம்மருக்கும் தமிழ் டப்பிங் இருப்பதால் அவற்றில் குழப்பம் இல்லை. மற்றவற்றை ஆங்கிலத்தில்தான் போட வேண்டியிருக்கும் என்றால், சப்டைட்டில் வேகத்துக்குப் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு ஒரு வழி உண்டு: படத்துக்கு முன்னால் கதையைப் பத்து நிமிடம் வாயால் சொல்லிவிடுவது. முடிவையும் சேர்த்தே சொல்லுங்கள். இந்தக் கதைகளைத் தலைமுறை தலைமுறையாக முடிவு தெரிந்துதான் கேட்டுவருகிறார்கள், சுவாரஸ்யம் ஒன்றும் கெட்டுப்போகாது. மோசே படத்தில் பாடல்கள்தான் கதையின் பாதியைத் தூக்கிச் செல்கின்றன. ஆஸ்கர் வாங்கிய பாட்டின் நடுவே குழந்தைகள் பாடும் எபிரேய வரிகள் யாத்திராகமத்தின் 15ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்தவை. கடல் தாண்டியதும் பாடும் பாட்டு அது. அந்த இடத்தில் நடுநடுவே விளக்கம் சொல்லிக்கொண்டிராமல் ஓடவிடுங்கள்.

ராமாயணத்தை இரண்டு நாளாகப் பிரிப்பதென்றால் ஜடாயு விழுந்ததும் நிறுத்துங்கள். அனுமன் இன்னும் வந்திருக்க மாட்டார், அவருக்காகவே மறுநாள் சொல்லாமலே வந்து உட்காருவார்கள்.